வாய் இறுகாத தோட்டா

தோட்டாவின் ஈய மூக்கை மேசை விளிம்பில் வைத்து, அடியைக் கட்டைவிரலால் அழுத்துகிறாள் ஞானசுந்தரி. மூக்கு உள்ளே போகவில்லை. அடுத்ததை எடுக்கிறாள். கையில் வளையல் கிடையாது. செல்போனை வாசலிலேயே வைத்துவிடுவாள். யார் கூப்பிட்டாலும், கையிலிருப்பது முடிந்த பிறகுதான் "இன்னா?" என்பாள்.

உத்திரமேரூரிலிருந்து திருப்புலிவனம் போகிற வழியில் ஜெகன் சாரின் மாந்தோப்பு. பட்டாளத்தில் இருந்தவர். அவரும் மகள் பிரபாவும் குறி சுடும் போட்டிக்குப் போகிறவர்கள். துப்பாக்கிக்கும் தோட்டா கட்டுவதற்கும் வாங்கிய உரிமம் கண்ணாடி போட்டுச் சுவரில் தொங்குகிறது. ஒரகடத்தில் ஆறு வருஷம் பிரஸ் மெஷின் ஓட்டிய கை என்று, தோட்டா கட்டுகிற வேலையை ஞானசுந்தரிக்குக் கொடுத்தார். நான் அங்கே மரத்துக்குத் தண்ணீர் விடுகிறவன். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் போவதும் ஒரே சபைக்குத்தான்.

அந்தத் துப்பாக்கியில் சுடும் குழாய்க்குக் கீழே இன்னொரு குழாய் உண்டு. தோட்டாக்கள் அதற்குள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். ஒவ்வொரு வெடிக்கும் துப்பாக்கி உதைக்க, உள்ளே இருப்பவை ஒன்றையொன்று இடிக்கும். ஈயத்தைப் பிடித்திருக்கும் பித்தளைக் கூட்டின் வாய் இறுகாமல் இருந்தால் ஈயம் உள்ளே அமுங்கிவிடும். அதைச் சுட்டால், உள்ளே அழுத்தம் ஏறி, சுடுகிறவர் முகத்துக்குப் பக்கத்திலேயே துப்பாக்கி வெடிக்கலாம். "வாய் மூடாத ஆளு எங்க வூட்டுக்காரு ஒருத்தரு போதும்ணா" என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொன்றாக இறுக்குவாள்.

போன மாசம் ஒரு காலை. சார் அவசரப்படுத்தினார். கடைசி ஏழு தோட்டாக்களை அழுத்திப் பார்க்காமலே கொடுத்துவிட்டாள். சாரும் பிரபாவும் தோப்பின் பின்னால் குறி சுடுகிற மண்மேட்டுக்குப் போனார்கள். தோட்டா கட்டுகிற பிரஸ்ஸைத் துடைக்கப் போனவள் நின்றுவிட்டாள். வாயை இறுக்குகிற அச்சின் வளையம் அவள் கையோடு சுழன்றது. கடைசி ஏழுக்கு முன்னால் கழற்றித் துடைத்தவள், திரும்ப முறுக்கவே இல்லை.

முதல் வெடி கேட்டது. நான் "ஆண்டவரே" என்று அங்கேயே நின்றேன். அவள் ஓடினாள், நானும் பின்னாலேயே. நடுவழியில் இரண்டாவது. வேலி தாண்டும்போது மூன்றாவது.

"சார், நிறுத்துங்க! அந்த ஏழும் வாய் இறுக்கல. எம்மேல தப்பு."

சார் திரும்பினார். "மூணு சுட்டாச்சே ஞானம், ஒண்ணும் ஆகலையே?"

"அதான் சார் பயம். மூணு வாட்டி அடி வாங்கிக்கினு மிச்சம் நாலு உள்ள கீது. பாப்பா, விரல எடு."

பிரபா விரலை எடுத்தாள். சார் துப்பாக்கியை வாங்கி, மண்மேட்டுப் பக்கமே பிடித்தபடி லீவரை ஆட்டி ஆட்டித் தோட்டாக்களை வெளியே தள்ளினார். ஒன்று, இரண்டு, மூன்று, சரியாகத்தான் இருந்தன. நாலாவது, கீழே விரித்திருந்த பாயில் விழுந்தது. ஈயம் பாதிக்கு மேல் கூட்டுக்குள் போயிருந்தது.

ஞானசுந்தரி இடுப்பிலிருந்த, தோட்டா கட்டுகிற அறையின் சாவியை எடுத்து அந்தத் தோட்டாவுக்குப் பக்கத்தில் வைத்தாள். வேலை போனதென்று அவளே முடிவு செய்துவிட்டாள். சார் மகளைப் பார்த்தார். பிரபா குனிந்து சாவியை எடுத்து, "நாளைக்கு வாங்கக்கா" என்று நீட்டினாள்.

ஞானசுந்தரி சாவியைப் பார்க்கவே இல்லை. பிரபாவின் முகத்தை இரண்டு கையாலும் ஏந்தி, வலது கண்ணைச் சுற்றி மெதுவாகத் தடவிப் பார்த்தாள்.