இல்லாத கரும்பலகையில் நான் கண்ட குறை

தலைமையாசிரியராகப் பொறுப்பேற்ற முதல் நாள் எனக்கு மூன்று சாமான்கள் கிடைத்தன: சுழல் நாற்காலி, மேஜை மணி, வகுப்பு மேற்பார்வைப் பதிவேடு. முதல் இரண்டையும் அரை மணி நேரத்தில் கற்றுக்கொண்டேன். மூன்றாவதைக் கற்பதற்குள் ஒரு டீச்சரின் வேலையே போகப் பார்த்தது. இனி தலைமையாசிரியர் ஆகப்போகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன். உதவாவிட்டால் சிரித்துக்கொள்ளுங்கள்.

எண்பதுகளின் பாதி. ராஜபாளையத்தில் அரசு உதவி பெறும் ஓர் உயர்நிலைப் பள்ளி. எனக்கு வீடு ஸ்ரீவில்லிபுத்தூர். காலையில் பஸ்ஸில் வரும்போதே இன்று யாரிடம் என்ன குறை கண்டுபிடிக்கலாம் என்று யோசித்துவிடுவேன். வகுப்பு வாசலில் ஐந்து நிமிடம் நிற்பேன். பதிவேட்டில் எட்டுக் குறை எழுதுவேன். “குரல் போதாது. கட்டுப்பாடு போதாது. துணைக்கருவி இல்லை.” அடியில் பச்சை மையில் கையெழுத்து. பச்சை மைக்கு எனக்கு ஏது அதிகாரம் என்று யாரும் கேட்கவில்லை.

மூன்றாவது குறிப்பு

ஜெயசீலி டீச்சர் புதிதாக வந்த கணக்கு டீச்சர். சுந்தரபாண்டியத்துக்காரர். அவர் வீட்டில் மாதச் சம்பளம் என்று வாங்கிய முதல் ஆள் அவர்தான். தகுதிகாண் பருவம் முடிய ஒரு மாதம் இருந்தபோது பள்ளிச் செயலாளர் என்னைக் கூப்பிட்டார். மில் முதலாளி, எதையும் சுருக்கமாக முடிப்பவர்.

“சார், அந்தம்மா கிளாஸ் சந்தக்கடையா கெடக்குன்னு சொல்லுதாக. ஒங்க பதிவேட்ட மாசக் கடைசில கொண்டாங்க. மூணு குறிப்பு மோசமா இருந்தா அனுப்பிச்சிருவோம்.”

மோசமான குறிப்பு ஏற்கெனவே இரண்டு இருந்தது. மூன்றாவதை எழுத வகுப்புக்குப் போக வேண்டுமா என்ன? சுழல் நாற்காலியில் இருந்தபடியே எழுதினேன்: “ஒன்பதாம் வகுப்பு பி பிரிவு. கரும்பலகையைச் சரிவரப் பயன்படுத்தவில்லை.” டீச்சரும் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. பதிவேட்டை அனுப்பினேன். அதோடு அவரே வந்து நின்றார்.

“கையெழுத்துப் போடுதேன் சார். அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கலாமா?”

“கேளுங்க.”

“ஒம்பதாம் வகுப்பு பி-ல போர்டு எங்க சார் இருக்கு?”

“இதென்ன கேள்வி? ஸ்டாண்டுலதான்.”

“அந்த ஸ்டாண்டு பத்து நாளா கேட்லல்ல சார் நிக்குது!”

ஜன்னல் வழியே பார்த்தேன். கேட்டில் கரும்பலகை. அதில் என் முத்தான கையெழுத்தில், “செயலாளர் அவர்களே, வருக! வருக!” ஆண்டு விழாவுக்கு வாட்ச்மேனை விட்டு அந்த வகுப்பில் இருந்து தூக்கி வரச் சொன்னவன் நான்தான். விழா முடிந்து பத்து நாள். அடக் கடவுளே, எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

“தரையில சாக்பீஸால கணக்குப் போடுதேன் சார். பின்னால உள்ள பிள்ளைக எந்திச்சு எந்திச்சு எட்டிப் பாக்குதுக. பாதிச் சத்தம் அதான். மீதிச் சத்தம் எந் தப்பு, ஒத்துக்கிடுதேன். ஆனா என்ன தப்புன்னுதான் தெரியல. எம்புட்டுக் குறை எழுதிருக்கீக! என்ன செய்யணும்னு ஒண்ணுகூட எழுதலியே. ஒரு பீரியட் முழுசா உக்காந்து பாத்துச் சொல்லுங்க சார்.”

அழவில்லை. அழுதிருந்தால் நான் ஆறுதல் சொல்லி அனுப்பிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

கடைசி பெஞ்சு

போர்டை ஆளுக்கொரு பக்கம் பிடித்து வகுப்புக்குக் கொண்டுபோனோம். மறுநாள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். முழங்கால் டெஸ்கில் இடித்தது. குறை எழுதக் கை அரித்தது. அடக்கிக்கொண்டு ஒன்றை மட்டும் எண்ணினேன். பிறகு டீ வரவழைத்துச் சொன்னேன்.

“பன்னெண்டு கேள்வி கேட்டீங்க. பன்னெண்டும் முதல் பெஞ்சுக்கே போச்சு.”

“பன்னெண்டுமா சார்?”

“பன்னெண்டும். மத்தவனுக்கு வேலை இல்ல, பேசுதான்.”

எப்படிக் கேட்பது என்று எடுத்துக் காட்டுகிறேன் பேர்வழி என்று அடுத்த நாள் நானே பாடம் எடுத்தேன். ஆறு வருஷமாகப் பாடம் எடுக்காத ஆள். டீச்சர் கடைசி பெஞ்சில் இருந்து எண்ணினார். மணி அடித்ததும் தயங்கித் தயங்கிச் சொன்னார்: “பத்து கேள்வி சார். ஒம்பது முதல் பெஞ்சுக்கு.”

ஊருக்கு உபதேசம்! அதற்குப் பிறகு எங்களுக்குள் பேச்சு எளிதாகிவிட்டது. வாரம் இரண்டு நாள் நான் போய் உட்கார்ந்தேன். கேள்வி கேட்டு, செத்த நேரம் பொறுத்து, பின் பெஞ்சுப் பிள்ளை ஒன்றின் பெயரைக் கூப்பிடுவது என்று பழகினார். நாலாவது வாரமும் வகுப்பில் சத்தம் இருந்தது. ஆனால் அது விடை சரியா தப்பா என்று பிள்ளைகள் போட்ட சண்டை.

மாசக் கடைசி

பதிவேட்டில் அந்த மூன்றாவது குறிப்பு அப்படியே இருந்தது. பக்கத்தைக் கிழிக்கலாமா என்று யோசித்தேன், பொய் சொல்வானேன். கடைசியில் அதே பச்சை மையில் கீழே எழுதினேன்: “மேற்கண்டது வகுப்பைப் பார்க்காமல் எழுதியது. அன்று அங்கே கரும்பலகை இல்லை. எடுத்துப் போனவன் நான்.” அதன் பிறகு உட்கார்ந்து பார்த்த எட்டு வகுப்புகளைப் பற்றியும் எழுதினேன்.

செயலாளர் இரண்டு தரம் படித்தார்.

“இப்பிடி எழுதுனா மெமோ ஒங்களுக்குல்ல சார் குடுக்கணும்?”

“குடுங்க சார். டீச்சருக்கு ஆர்டரக் குடுத்துருங்க.”

இரண்டையும் கொடுத்தார். ஜெயசீலி டீச்சர் நிரந்தரமானார்.

தலைமையாசிரியர்களே, முழு பீரியடும் உட்காருங்கள். ஒன்றை மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். உங்கள் வகுப்பையும் அவர்கள் பார்க்கட்டும். அந்த மெமோ இன்னும் என் பீரோவில் இருக்கிறது. “வகுப்பைப் பார்வையிடாமல் குறிப்பு எழுதியமை” என்று ஒரே ஒரு குறைதான் அதில் இருக்கிறது. என் சர்வீஸ் முழுக்க என் வேலையைப் பற்றி மேலிடத்தில் இருந்து வந்த ஒரே உருப்படியான மேற்பார்வைக் குறிப்பு அதுதான்.