புடலங்காய்க்குக் கட்டிய கல்

குளத்தூர்ப் பக்கத்தில் நான் ஐந்தாவது படித்த பள்ளிக்கூடத்தில், சத்துணவு சாப்பிட்டுக் கை கழுவுகிற தண்ணீரை வாய்க்கால் வெட்டித் திருப்பி, அறிவியல் டீச்சர் எங்களைத் தோட்டம் போட வைத்தார். விளைந்ததை நாங்களே சமைக்க வேண்டும் என்பது அவர் சட்டம். எனக்கு வாய்த்தது புடலங்கொடி.

அந்த நேரம் பார்த்து அப்பா அபுதாபியிலிருந்து லீவில் வந்திருந்தார். அங்கே அவருக்குக் கம்பெனி வேலை. வீட்டில் ஒரு சொம்பு தண்ணீர்கூடத் தானாக மொண்டு குடிக்க மாட்டார். அவர் திரும்பிப் போவதற்குள் என் புடலங்காயை நானே சமைத்துக் கொடுத்துவிட வேண்டும் என்று எனக்கு வெறியே பிடித்திருந்தது. காயோ ஒரு சாணுக்கு மேல் வளர மாட்டேன் என்று அடம்பிடித்தது.

"நுனியில சின்னக் கல்லாக் கட்டிவிடு. அப்பத்தான் சுருளாம நேராத் தொங்கும்," என்றார் டீச்சர். சின்னக் கல்லுக்கே நேராகும் என்றால், பெரிய கல்லுக்கு நீளமாகாமலா போகும்? அப்பா கிளம்ப இன்னும் இரண்டே நாள். அரைச் செங்கல்லைக் கட்டித் தொங்கவிட்டேன். மறுநாள் காலையில் காயும் கல்லும் தரையில் கிடந்தன.

"அம்மிக்கல்லக் கட்டியிருக்கலாம்லடா," என்றான் பக்கத்துப் பாத்திக்காரன். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. டீச்சர் திட்டவில்லை. "பிஞ்சுக்குத்தான் ருசி. போயி நறுக்கு," என்றார். பாசிப்பருப்பு போட்டுக் கூட்டு வைத்தேன். டிபன் பாக்ஸில் அடைத்துக்கொண்டு வீட்டுக்கு ஒரே ஓட்டம்.

அம்மா ஒரு வாய் வைத்துவிட்டு, "உப்பே போடலையாடா?" என்றாள். அப்பா நிமிரவே இல்லை. கடைசிப் பருக்கை வரை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "எப்புடிடா செஞ்ச? சொல்லு கேப்போம்," என்றார். விடுவேனா? கடுகு வெடித்த பிறகுதான் வெங்காயம் போட வேண்டும், பருப்பு குழையக் கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தேன். பாடம் கேட்கிற பிள்ளை மாதிரி அவரும் தலையாட்டினார்.

"அங்கிட்டுப் போனதும் வச்சுப் பாக்குறேன்."

"ஒங்களுக்கு வராதுப்பா. வீடியோ கால்ல வாங்க, நான் சொல்றேன்."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். அவள் சிரித்ததில் எனக்கு ஏகக் கோபம்.

அபுதாபியில் ஒரு லேபர் கேம்ப் முழுக்கச் சாப்பிடுவது அப்பா ஆக்கிப் போடுகிற சோற்றைத்தான் என்று அப்போது எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. உப்பில்லாத கூட்டை இப்படி வழித்துத் தின்கிறாரே, பாவம், நல்ல பசி போலிருக்கிறது என்றுதான் நினைத்தேன்.