கியர் இல்லாத வண்டியும் கரியாலூர் இறக்கமும்

வண்டிகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நான் லேசில் நிறுத்த மாட்டேன். ஓட்டப் பழகியது அப்பாவின் பழைய டூ-ஸ்ட்ரோக் வண்டியில். அது முன்கோபி. ஆக்ஸிலேட்டரைத் தொட்டதும் சீறும். விட்டால் தன்பாட்டுக்கு உருளும், இன்ஜின் எதையும் பிடித்து நிறுத்தாது. இப்போது என்னிடம் இருக்கும் நூறு சிசி ஃபோர்-ஸ்ட்ரோக் நல்ல குடும்பஸ்தன். இரண்டாவது கியரில் போட்டால் இறக்கத்தில் இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். மைத்துனரின் பெரிய ஒற்றை சிலிண்டர் வண்டி தொடைவரை உதறும், ஆனால் எந்த மேட்டிலும் மூச்சு வாங்காது. சாப்பிடும்போதுகூட இதையெல்லாம் சொல்லி என் மனைவியின் உயிரை வாங்கியிருக்கிறேன்.

ஆசிரியையான அவளுக்கு மலைமேல் கரியாலூர்ப் பக்கம் மாற்றல் வந்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்த இறக்கம்தான். அவள் ஓட்டுவது கியர் இல்லாத ஸ்கூட்டர். அந்த இன்ஜினின் குணம் என்ன என்று நான் யோசித்ததே இல்லை. உண்மையைச் சொன்னால், அதை ஒரு வண்டியாகவே மதித்ததில்லை. பஸ்ஸில் போகச் சொன்னேன். பஸ் நேரம் ஒத்துவரவில்லை. சாயங்காலம் நாலரை ஆனால் கள்ளக்குறிச்சியில் ஆபீஸில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருப்பேன். மலையில் பாதி இடத்தில் சிக்னல் கிடையாது. அடிவாரத்துக்கு வந்து, "கச்சிராயபாளையம் வந்துட்டேன்" என்று அவள் சொல்லும்வரை ஒரு ஃபைலும் ஓடாது.

ஒரு வெள்ளிக்கிழமை பொறுக்க முடியாமல் அரை நாள் லீவு போட்டுவிட்டு என் வண்டியில் மலையேறி அவள் பள்ளிக்கூடத்துக்குப் போனேன்.

"இன்னாங்க, வேவு பாக்க வந்தீங்களா?" என்று சிரித்தாள்.

"சும்மாதான் வந்தேன். நீ முன்னாடி போ, மெதுவா போ."

முதல் இரண்டு வளைவுகளில் அழகாகத்தான் திரும்பினாள். மூன்றாவதில் ஏதோ உறுத்தியது. அவளுடைய பிரேக் விளக்கு எரியவே இல்லை. பிரேக் பிடிக்காமலே போகிறாளே என்று எரிச்சலாக ஹாரன் அடித்தேன். அடுத்த வளைவில் தீய்ந்த வாடை அடித்தது. அப்படியென்றால் பிரேக்கைப் பிடித்துக்கொண்டுதான் போகிறாள். பிறகு ஏன் விளக்கு எரியவில்லை? நெருங்கிப் போனேன். அவள் வண்டியில் சத்தமே இல்லை. சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்திருக்கிறாள்! சாவியைத் திருப்பி அணைத்துவிட்டால் பிரேக் விளக்கும் எரியாது. அந்த இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தால் கொஞ்சமாவது பிடிக்கும். அணைத்துவிட்டால் பிரேக் ஒன்றுதான் கதி, அதுவும் சூடேறித் தீய்ந்துகொண்டிருந்தது.

"மலைப் பக்கம் ஒதுக்கு! மலைப் பக்கம்!" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

காதில் விழுந்ததோ இல்லையோ, இரண்டு கையாலும் பிரேக்கை அழுத்தியபடி ஸ்கூட்டரை மலையோரத்து மண் வாய்க்காலில் இறக்கினாள். வண்டி சாய்ந்தது. அடுத்த வளைவுக்கு இருபது அடிகூட இல்லை. அங்கே தடுப்புச் சுவர் உடைந்து கிடந்தது.

முழங்கையில் சிராய்ப்போடு எழுந்து உட்கார்ந்தாள். என் பயமெல்லாம் கோபமாகத்தான் வெளியே வந்தது.

"அறிவிருக்கா ஒனக்கு? எறக்கத்துல எவனாவது இன்ஜின ஆஃப் பண்ணுவானா?"

"நீங்கதானங்க சொன்னீங்க... உங்கப்பா எறக்கத்துல ஆஃப் பண்ணி உருட்டிக்கினே வந்துருவாரு, பெட்ரோலு ஜாஸ்தி ஆவாதுன்னு. தெனமும் அப்படித்தான் வரேன். இன்னிக்குத்தான் பிரேக்கு புடிக்கல."

தினமும். நான் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அத்தனை சாயங்காலமும். அப்பா அப்படி உருட்டி வந்தது எங்கள் ஊர் ஏரிக்கரை இறக்கத்தில். மொத்தமே ஐம்பது அடி இருக்கும். பெருமையடித்த நான் அதைச் சொல்லவில்லை.

"அப்ப ஆஃப் பண்ணி உருட்டுறது இந்த வண்டிக்கு ஆவாதுங்களா?"

குத்திக்காட்டவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நான் அவள் முழங்கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டேன்.