கழுத்தில் அரிவாள் இருந்தபோது வந்த மெயில்

எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். எதற்கெடுத்தாலும் பயம் வேறு. இருந்தும் வீடியோ பார்த்துப் பார்த்து, பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டு, எங்கள் ஜவ்வாது மலை கிராமத்தின் புளி, சாமை விவசாயிகளுக்குச் சொந்தமாக மெயில் சர்வர் அமைத்தேன். வீட்டுக்கே பூட்டுப் போடாத ஊர் எங்களுடையது. அதனால் மெயில் அனுப்பப் பாஸ்வேர்டே கேட்காதபடி விட்டுவிட்டேன்.

ஒரு நாள் காலை, எங்களிடம் புளி வாங்கும் கலசப்பாக்கம் வியாபாரி வீட்டுக்குள் பாய்ந்தார். அவர் விட்ட முதல் அறையிலேயே என் வாயில் ரத்தம். கீழே தள்ளி, கைகள் மேல் முழங்காலை ஊன்றி, கழுத்தில் அரிவாளை வைத்தார்.

“எம் பொண்ணத் தூக்கிடுவேன்னு மெயில் போடுவியாடா?”

“இன்னா மெயில்ணா? சத்தியமா நான் இல்லண்ணா!”

“உன் பேர்லதான்டா வந்துகீது!”

அரிவாள் தோலைக் கிழித்தது. அப்போது அவர் செல் ஒலித்தது. மகளோ என்று பதறி எடுத்துப் பார்த்தார். என் முகவரியிலிருந்து இன்னொரு மிரட்டல் மெயில்! என் இரண்டு கைகளும் அவர் முழங்காலுக்கு அடியில்.

“அப்போ இத அனுப்பறது எவன்டா?” என்று கழுத்திலிருந்து அரிவாளை விலக்கினார்.

பிறகு சர்வரைப் பார்த்தால், பாஸ்வேர்டு இல்லாமல் திறந்து கிடந்த அதன் வழியாக எவனோ என் பெயரில் அனுப்பியிருக்கிறான்.

இப்போது ஆளுக்கொரு பாஸ்வேர்டு. அது இல்லாமல் ஒரு மெயிலும் வெளியே போகாது. மறந்துவிட்டவர்கள் வந்து என்னைத் திட்டுகிறார்கள். வெட்டு வாங்குவதற்குத் திட்டு தேவலை என்று கேட்டுக்கொள்கிறேன்.