அக்பர் பாஷாவின் டிரையல்

மந்தைவெளியில் அக்பர் பாஷாவின் மெக்கானிக் கடையில் இந்த வருஷத்துக் காலண்டரைத் திருப்பி மாட்டியிருக்கிறார்கள். தேதியெல்லாம் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்க, முதுகுப் பக்க வெள்ளையில் நீலப் பேனாவால் ஒரு கோடு ஓடுகிறது. சென்னையில் தொடங்கிக் கடலோரமாகவே இறங்கி, பாண்டிச்சேரி, தரங்கம்பாடி, நாகூர், கோடியக்கரை, தொண்டி என்று வளைந்து நெளிந்து தனுஷ்கோடியில் போய் நிற்கிறது. அங்கே பேனாவைக் கொஞ்சம் அழுத்திவிட்டார். தாளில் சின்னதாக ஓர் ஓட்டை.

ஐந்து நாள் பயணம். திட்டத்துக்கு ஒரே ஒரு விதிதான்: போகும் வழியெல்லாம் கடல் இடது கைப் பக்கம் இருக்க வேண்டும். பாம்பன் பாலத்திலும் தனுஷ்கோடி மணலிலும் மட்டும் இரண்டு பக்கமும் இருக்கலாம், அதற்கு மன்னிப்பு உண்டு.

கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் இப்போது அந்தக் கோடுதான் பேச்சு. ஒருவர் தொண்டியில் மீன் சாப்பிடாமல் வரக் கூடாது என்பார். இன்னொருவர் கோடியக்கரையில் காலை ஆறு மணிக்கே மான் பார்க்கலாம் என்று நேரம் குறித்துக் கொடுப்பார். போன வருஷம் லடாக் போய் வந்த சுஹாஸ் ஒரு நாள் கோட்டை விரலால் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டான்.

"ஆமா பாய், நீங்க வண்டில போன அதிகபட்ச தூரம் எவ்ளோ?"

செயினுக்கு எண்ணெய் விட்டபடியே அக்பர் பாஷா சொன்னார்: "அடையாறு பாலம்."

"அட போங்க பாய்."

"நெசமாத்தான் நைனா. பாலம் முடிஞ்சதும் ஒரு வளைவு வரும்ல, அங்க திரும்பிடுவேன்."

அது உண்மை. முப்பத்து மூன்று வருஷமாக அவர் ஓட்டிய வண்டிகள் எல்லாம் அடுத்தவர் வண்டிகள். வேலை முடிந்ததும் டிரையல் பார்க்க எடுப்பார். பாலத்தின் ஏற்றத்தில் இன்ஜின் திணறுகிறதா என்று பார்ப்பார். இறக்கத்தில் பிரேக். வளைவில் திரும்பும்போது ஹேண்டில். கடைக்கு வந்து சேர்வதற்குள் வண்டி தன் உடம்பைப் பற்றி எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருக்கும். அதைத் தாண்டி ஓர் அடி போனாலும் அது அடுத்தவர் பெட்ரோலில் காற்று வாங்குவது. வீடு கடைக்கு மேலேயே இருந்ததால் சொந்த வண்டிக்கு அவசியமும் வரவில்லை.

மகள் அஃப்சருன்னிசாவை ஆம்பூரில் கட்டிக் கொடுத்த பிறகுதான் பழைய புல்லட் ஒன்றை வாங்கினார். எட்டு மாதம் ஞாயிறுதோறும் பிரித்துப் பூட்டினார். ஆர்.சி. புத்தகத்தில் தன் பெயரைப் பார்த்த அன்று இரண்டு முறை மேலே போய் மனைவியிடம் காட்டிவிட்டு வந்தார்.

பின் சீட்டுக்கு ஸ்பான்ஜ் இரண்டு மடங்கு. புர்கா நுனி சிக்காமலிருக்கப் பின்சக்கரத்துக்குக் கம்பிவலை. எல்லாம் மனைவி ஜமீலுன்னிசாவுக்காக. அவர்தான் வருவதாகச் சொல்லவில்லை.

"உங்க தலைய எனக்குத் தெரியாதா?" என்றார் ஜமீலுன்னிசா, ரவிக்கைக்குக் கொக்கி தைத்துக்கொண்டே. "எங்கியாச்சும் டிக்குனு ஒரு சத்தம் கேட்டா இடது பக்கம் சாயும். சோறு துன்னசொல்லோ தெருவுல வண்டி போனாக்கூட சாயுது. தனுஷ்கோடி வரைக்கும் ரோட்டோரமா குந்திக்கினு ஸ்பேனர் எடுத்துக் குடுக்க என்னால ஆவாது."

"எடுக்க மாட்டேன்."

"மகாபலிபுரம் வரைக்கும் இட்டுக்கினு போங்க, பாக்கறேன். நடுவுல வண்டிய நிறுத்தி ஸ்பேனர் எடுத்தீங்கன்னு வைங்க, நாகூருக்கு நான் பஸ்ஸ புடிச்சி போயிக்கிறேன். நீங்க வண்டியோட குடும்பம் நடத்துங்க."

அவர் வராவிட்டால் காலண்டரை மறுபடி தேதிப் பக்கம் திருப்பி மாட்ட வேண்டியதுதான். தனியாகப் போய்க் கடலைப் பார்த்து என்ன செய்வது, யாரிடம் காட்டுவது? அக்பர் பாஷா அந்த வாரம் முழுக்க வண்டியின் ஒவ்வொரு நட்டையும் முறுக்கிப் பார்த்தார். ஏற்கெனவே முறுக்கியதையும் முறுக்கினார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கிளம்பினார்கள். ஜமீலுன்னிசா மடியில் துணிப்பை. ஏறுவதற்கு முன் கணவரின் சட்டைப் பை, பேன்ட் பை எல்லாவற்றையும் தட்டிப் பார்த்தார். சாக்ஸைப் பார்க்கவில்லை. அதற்குள் ஒரு பத்து நம்பர் ஸ்பேனர் இருந்தது.

தை மாதக் குளிர் இன்னும் மிச்சம் இருந்தது. பாலத்தில் ஏறியதும் கழிமுகக் காற்று முகத்தில் அறைந்தது. இன்ஜின் ஏற்றத்தில் ஒரு சொல் முனகவில்லை. இறக்கத்தில் பிரேக் வெண்ணெய். அக்பர் பாஷாவுக்கு நெஞ்சு நிறைந்தது. சத்தம் ஒன்றாம் நம்பராக இருக்கிறது, ஹேண்டிலும் நேராக இருக்கிறது, இனி...

முதுகில் ஒரு தட்டு விழுந்தது.

"இன்னாங்க, ஊட்டுக்கா?"

அப்போதுதான் பார்த்தார். வண்டி மறுபடி பாலத்தின் மேல், மந்தைவெளிப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. வளைவு வந்ததும் கை தன் பாட்டுக்குத் திரும்பியிருக்கிறது.

"கை தானா திரும்பிடுச்சி," என்றார். குரல் அவருக்கே கேட்கவில்லை.

பின் சீட்டு குலுங்கியது. அழுகிறாரோ என்று ஒரு கணம் பயந்தார். ஜமீலுன்னிசா சிரித்துக்கொண்டிருந்தார், இரண்டு மடங்கு ஸ்பான்ஜும் சேர்ந்து ஆடும்படி.

"ஸ்பேனர் எடுக்கக் கூடாதுன்னுதான் சொன்னேன். திரும்பக் கூடாதுன்னு சொல்லல. போங்க, இன்னொரு வாட்டி போங்க."

இரண்டாம் முறை அந்த வளைவு வந்தபோது அக்பர் பாஷா முழங்கைகளை இரும்பாக்கிக்கொண்டார். வளைவு அவரைப் பார்த்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. அடையாறு சிக்னலில் பச்சை விழுந்தது. அவ்வளவுதான், அதற்கப்புறம் எல்லாமே புதுசு. திருவான்மியூரைத் தாண்டியதும் சாலை அகலமானது. சொந்தப் பெட்ரோல் எரிகிறது, சொந்தக் காற்று வீசுகிறது. முட்டுக்காட்டில் தண்ணீர் இரண்டு பக்கமும் வெயிலை அள்ளிக் கண்ணில் வீசியபோது அவர் தன்னை அறியாமல் ஹாரனை ஒரு முறை அடித்தார். எதிரே யாருமே இல்லை.

முட்டுக்காடு தாண்டிக் கொஞ்ச தூரத்தில் அது தொடங்கியது.

டிக். டிக். டிக்.

டேப்பெட்டா? இல்லை, இது அதைவிட மெலிசு. செயின் கவரா? பின்னாலிருந்து வருகிறதே. சாக்ஸுக்குள் ஸ்பேனர் சுட்டது. வேகத்தைக் குறைத்தால் சத்தமும் குறைகிறதா என்று பார்க்கலாம், ஒரே நிமிஷம், ஓரமாக...

"சாயுது," என்றது பின்னாலிருந்து குரல்.

அக்பர் பாஷா தலையை நிமிர்த்தினார். "ஒரு சத்தம் வருது ஜமீலா."

"வரட்டும்."

டிக், டிக். ஆக்ஸிலேட்டரை விடவில்லை. சவுக்குத் தோப்புகளின் இடைவெளியில் கடல் தெரிந்தது, மறைந்தது, மறுபடி தெரிந்தது. அதை எண்ணத் தொடங்கினார். பதினேழாவது தடவை தெரிந்தபோது சத்தத்தை மறந்திருந்தார்.

மகாபலிபுரத்தில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்ததும் ஜமீலுன்னிசா துணிப்பையிலிருந்து ஒரு காலி டிபன் டப்பாவையும் ஒரு ஸ்பூனையும் எடுத்து வைத்தார். ஸ்பூனால் டப்பாவைத் தட்டினார்.

டிக். டிக்.

"நீயா?"

"பின்ன? டிரையல் பாக்காம அவ்ளோ தூரம் எப்டி வர்றது?"

அக்பர் பாஷா குனிந்தார். ஷூவைக் கழற்றி, சாக்ஸுக்குள் கையை விட்டு, ஸ்பேனரை எடுத்து ஸ்பூனுக்குப் பக்கத்தில் வைத்தார். ஜமீலுன்னிசா அதைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், டீயை ஒரு வாய் குடித்தார்.

"எடுக்கலல்ல, விடுங்க," என்றார். "நாகூர்ல ஒரு நாள் பத்தாது. ரெண்டு நாளா எழுதுங்க."

அக்பர் பாஷா சட்டைப் பையில் பேனாவைத் தேட ஆரம்பித்தார்.