ஆசாரி போட்ட ராம்ப்

கருப்பையா ஆசாரி இறந்துட்டாக. காலைல ஏழு மணிக்கு அவுக மகன் போன் பண்ணாரு.

நான் வீல்சேர்ல இருக்கிறது இங்க எல்லாருக்கும் தெரியும். அந்த வீல்சேர் எப்படி எங்க வீட்டு வாசலைத் தாண்டுச்சுன்னு நெறைய பேருக்குத் தெரியாது. அது ஆசாரி வேலை.

எங்க வீடு தாத்தா நாப்பதுகள்ல கட்டுனது. வெள்ளம் வந்தா உள்ள வந்திரக் கூடாதுன்னு அஞ்சு படி உசரம் வச்சுக் கட்டிட்டாரு. அருப்புக்கோட்டையில வெள்ளம்! எந்த சோசியக்காரன் சொன்னானோ.

மாடியில இருந்து விழுந்து இடுப்புக்குக் கீழ உணர்வு போனப்புறம் அந்த அஞ்சு படிதான் எனக்கு ஜெயில். ஆஸ்பத்திரிக்குன்னா அண்ணனும் பக்கத்து வீட்டுக்காரரும் தறிக்கு நூல் சுத்துன பாவு பீம் உருளையைத் தூக்குற மாதிரித் தூக்கிட்டுப் போவாங்க. கூச்சத்துல கண்ணை மூடிக்குவேன். பதினோரு மாசம் அதைத் தவிர வெளிய போகல.

"ஒத்தை ஆளா டீக்கடை வரைக்கும் போகணும் ஆசாரி. அது போதும்"னு அவுகளை வீட்டுக்கு வரச்சொல்லிக் கேட்டேன்.

அவுக ஆயுசு பூரா பஞ்சு மில்லுல மரவேலை. லாரியில பேலு, அதான் பஞ்சுப் பொதி, ஏத்துறதுக்குச் சாய்வுப் பலகை போட்ட கை. அதே கணக்குல, வேப்பம்பலகையில ஆறடிக்குச் சாய்வா ஒரு ராம்ப் செஞ்சு படி மேல சாத்திட்டாக. "இருங்க தம்பி, மொதல்ல நான் சேர்ல ஒக்காந்து பாக்குறேன்"னாக.

அவ்வளவுதான்... "ஏலே ஏலே"ன்னு கத்திக்கிட்டே தெருவைத் தாண்டி எதுத்த வீட்டுத் தண்ணி டிரம்முல போயி முட்டி நின்னாக.

எந்திரிச்சு வேட்டியைப் புழிஞ்சுக்கிட்டே, "பேலு கத்தாதுல்ல தம்பி, அதான் இத்தனை வருசமா தெரியல"ன்னாக. பதினோரு மாசத்துல எங்க வீட்டுல எல்லாரும் சேர்ந்து சிரிச்சது அன்னைக்குத்தான்.

அப்புறம் போட்டாக பாருங்க... சந்துப் பக்கமா செவுத்தை ஒட்டி முப்பதடிக்கு மேல. நடுவுல ஒரு திருப்பம். கைப்பிடி. வழுக்காம இருக்க பெயிண்ட்ல மணல்.

தெனமும் அவுகளே சேர்ல ஒக்காந்து, கையால சக்கரத்தைத் தள்ளி ஏறிப் பாப்பாக. எழுபது வயசு. மூச்சு வாங்கும். ஏற முடியலன்னா மறுபடி பிரிச்சுருவாக. "கெழவன் ஏறுனா நீங்க ஏறிருவீக"ம்பாக.

தெருவுல போறவுக "ஐயோ, ஆசாரிக்கு என்னாச்சு?"ன்னு எங்க அம்மாகிட்ட விசாரிச்சுட்டுப் போவாக :)

நான் தனியா டீக்கடைக்குப் போன அன்னைக்கு, ஏதோ தற்செயலா வந்த மாதிரி பின்னாடி வந்து நின்னாக. கிளாசைக் கையில வச்சுக்கிட்டு நான் அழுதுட்டேன். "குடிங்க தம்பி, டீ உப்புக் கரிக்கப் போகுது"ன்னாக.

பாக்குறப்பெல்லாம் "பந்தல்குடிக்கு, நம்ம வீட்டுக்கு ஒருநாள் வாங்க"ம்பாக. வாரேன் வாரேன்னு சொல்லுவேன். போகல. அங்கயும் படி இருக்குமே, மறுபடி யாராவது தூக்கணுமே... அதை அவுககிட்ட சொல்ல வெக்கம். வேலை இருக்கு, வெயிலா இருக்குன்னு பொய் சொல்லிக்கிட்டே இருந்தேன்.

இன்னைக்கு ஆட்டோ பிடிச்சுப் போனேன். யாரு தூக்குனாலும் பரவாயில்லன்னு போனேன்.

வாசல்ல மூணு படி. அதை ஒட்டி ஒரு ராம்ப். பெயிண்ட் வெளுத்துப்போயி, மேல கோழி எச்சம்.

"உங்களுக்குத்தான் தம்பி போட்டாக. ரெண்டு வருசமாச்சு. இந்தா வருவாரு, அந்தா வருவாருன்னு சொல்லிக்கிட்டே இருந்தாக"ன்னு அவுக வீட்டம்மா அழுதாக.

யாரும் தூக்கல. நானே ஏறிப் போயி அவுக முகத்தைப் பாத்தேன்.

சாவு வீட்டுல சொல்லிட்டுக் கிளம்பக் கூடாதும்பாக. எனக்கு மனசு கேக்கல.

வாரேன் ஆசாரி.