நீல விளக்கில் கண்ணாடி அக்கா

புற்றுநோய் மருந்து ஏற்றும் பயிற்சித் தேர்வில் கண்ணாடி அக்காவுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. மருந்துக்குப் பதிலாகத் தருவது ஒரு சாயத் தண்ணீர். அது எங்கே பட்டிருந்தாலும் நீல விளக்கில் மின்னும்; உடம்பில் துளி மின்னினாலும் தோல்விதான். இருபது வருட நர்ஸுக்கு ஒரே பழக்கம், சரியும் கண்ணாடியைக் கையுறையோடு தள்ளிவிடுவது. போன இரண்டு தேர்விலும் மூக்கு பளிச்சென்று காட்டிக்கொடுத்துவிட்டது.

இன்று மகள் கண்ணாடியை நாடாவால் பின்னந்தலையில் இறுக்கிக் கட்டி அனுப்பியிருந்தாள்.

"நீயே நினைச்சாலும் நகராதும்மா."

நடுவில் இரண்டு முறை கை தானாக மேலே போனது. கண்ணாடி சரியாமல் இருக்கவே பாதியிலேயே இறங்கியது.

எல்லாம் முடிந்ததும் பயிற்சியாளர் அறையை இருட்டாக்கி, நீல விளக்கை அக்காவின் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"என்னக்கா, மூக்கையே காணோம்?"

"வீட்டுலயே விட்டுட்டு வந்துட்டேன் சார்!"

"அப்ப பாஸ்தான், போங்க."

அப்பாடா என்று பக்கத்து ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தார் அக்கா.